வண்டி கிளம்புவதற்கு முன்பே ஆறிவிடும் சாப்பாடு

கும்பகோணத்தில் சமைத்துத் தஞ்சாவூரில் பந்தி போட வேண்டும் என்றால் நடுவில் இருப்பது 40 கிலோமீட்டர். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக ஒரு மணி நேரம், கொஞ்சம் நெரிசல் என்றால் ஒன்றரை. அடுப்பில் கொதித்த 50 லிட்டர் சாம்பார் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆறிவிடாது. ஆனாலும் மண்டபத்தில் இறக்கி மூடியைத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய. உடனே பழி வண்டியின் மேல் விழும், இல்லையென்றால் பாத்திரத்தின் மேல். சின்ன அளவில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிற எங்களுக்கும் இது பிடிபட ரொம்ப நாள் ஆனது: சூட்டில் பெரிய பங்கு ரோட்டில் போவதில்லை, அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்துக்கும் வண்டியின் கதவைச் சாத்துகிற நேரத்துக்கும் நடுவில் போய்விடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். சாம்பாரை இறக்கி, கொத்தமல்லி தூவி, "வண்டி வரட்டும்" என்று திறந்தபடியே வைத்திருப்போம். மேலே ஆவி பறக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அந்த ஆவிதான் உங்கள் சூடு. தண்ணீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தை மிச்சம் இருக்கிற தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 100 லிட்டரில் வெறும் 1 லிட்டர் ஆவியாகிப் போனால் மீதி 99 லிட்டரும் சுமார் 5 டிகிரி இறங்கிவிடும். வாயகன்ற குண்டாவில், ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் திறந்து வைத்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் முதல் தவறு, மூடாமல் காத்திருப்பது. இறக்கியதும் தாளிப்பைக் கொட்டி, ஒரு கிளறு கிளறி, உடனே மூடிவிட வேண்டும். ருசி பார்க்க வேண்டியவர்கள் அடுப்பில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, பாத்திரம் மாற்றுவது. அடுப்பில் ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு வாளி வாளியாக மொண்டு ஊற்றினால் ஒவ்வொரு வாளியும் காற்றில் ஆறிக்கொண்டேதான் போய் விழும். முடிந்தவரை சமைத்த அண்டாவிலேயே கொண்டு போங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் போய்ச் சேரும் பாத்திரத்தில் முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி, பத்து நிமிஷம் விட்டுக் கொட்டிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். பெரிய அண்டாவுக்கு இதில் இரண்டு மூன்று டிகிரிதான் மிச்சமாகும். ஆனால் வீட்டு ஹாட்பாக்ஸில், அரை கிலோ உப்புமாவோ கிச்சடியோ போடுகிறபோது இதுதான் பெரிய வித்தியாசம். ஹாட்பாக்ஸ் எந்தச் சூட்டையும் உண்டாக்குவதில்லை, உள்ளே போனது வெளியே போகாமல் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். குளிர்ந்து கிடக்கிற ஹாட்பாக்ஸ் முதலில் உங்கள் உப்புமாவின் சூட்டைத் தான் எடுத்துக்கொண்டுதான் வேலையையே தொடங்கும்.

அளவு விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய பாத்திரமாக எடுத்து அரைவாசி நிரப்பிக் கொண்டு போவது நல்லதில்லை. மேலே காலியாக இருக்கிற இடத்தில் ஆவி நிரம்பும், மூடியில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகும், திரும்ப ஆவி எழும், இப்படியே சூடு மூடி வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற அளவு குறையக் குறைய ஆறும் வேகமும் கூடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெளிப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். பெரிய அண்டா நிறைய இருக்கிற சோறு மணிக்கணக்காகச் சூடு தாங்குவதும், அதே சோற்றைப் பத்துச் சின்ன டப்பாவில் போட்டால் சீக்கிரம் ஆறிவிடுவதும் இதனால்தான். சாம்பார், ரசத்துக்கு வாய் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை விட்டு நிரப்பினால் போதும், வேகத்தடையில் தளும்பவும் செய்யாது.

இனி வண்டிக்குள். குட்டி யானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டியின் பின்பக்கம் வெறும் இரும்புத் தகடு, கீழே காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் நேராக அண்டாவை வைத்தால் அடியிலிருந்தே சூடு இறங்கும். பாட்டிமார்கள் சோற்றுப் பானைக்கு அடியில் வைக்கோல் பிரிமணை வைத்ததற்குப் பானை உருளக்கூடாது என்பது மட்டும் காரணமில்லை. வைக்கோலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. நாங்கள் இன்றும் பிரிமணைதான் வைக்கிறோம், அதற்கு அடியில் ஒரு மரப்பலகை. கிடைக்கவில்லை என்றால் நாலாக மடித்த கோணிச் சாக்கு போதும். தெர்மாகோல் தாளை நேராக அண்டாவுக்கு அடியில் கொடுக்காதீர்கள், 100 டிகிரியை நெருங்குகிற பாத்திரம் பட்டால் இளகிவிடும், நாற்றமும் வரும். நடுவில் கனமான துணி இருந்தால் சரி. அண்டாக்களைத் தனித்தனியாக நிறுத்தாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்துங்கள், சுற்றிலும் பழைய கம்பளி, மேலே தார்ப்பாய். ஆடாமலும் இருக்கும்.

துணியைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அண்டாவின் வாயில் வெள்ளைத் துணி கட்டி மூடியை அழுத்துகிற பழக்கம் நல்லதுதான், ஆனால் அந்தத் துணியை நனைத்துக் கட்டுகிறார்கள் சிலர். தூசி ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது என்பார்கள். திறந்த வண்டியில், காற்று முகத்தில் அடிக்கிற வேகத்தில், ஈரத்துணி சுற்றிய அண்டா என்ன ஆகும் தெரியுமா? மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே ஆகும். ஈரம் உலர உலரச் சூடு குறையும். துணி காய்ந்ததாக இருக்க வேண்டும், ஆவியில் நனைந்துவிட்டால் மேலே இன்னொரு காய்ந்த துணி போட வேண்டும். அலுமினியத் தாளை மட்டும் நம்புவதும் இதே மாதிரிதான். அது மெல்லிய உலோகம், பாத்திரத்தை ஒட்டிச் சுற்றினால் சூட்டை வெளியே கடத்தத்தான் செய்யும். முதலில் துணி, அதற்கு மேல் தாள் என்றால் பலன் உண்டு.

வழியில் திறந்து பார்க்காதீர்கள். எங்களுக்கு ஒரு வளைகாப்பு ஆர்டரில் இப்படி நடந்தது. மூன்று மாடிக் கேரியர் மாதிரி அடுக்கியிருந்தோம், கீழே வெண்பொங்கல், நடுவில் வடை, மேலே சட்னி. பாபநாசத்தில் டீக்கு நிறுத்தியபோது பொங்கல் எப்படி இருக்கிறது என்று ஆளுக்கு ஒருமுறை திறந்து பார்த்தோம். மூடியின் உட்புறம் முழுக்கத் தண்ணீர் முத்துமுத்தாகக் கோர்த்திருந்தது. சாய்த்ததும் அத்தனையும் வடைமேல் சொட்டியது. தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது வடை ஊறிப் பன் மாதிரி ஆகியிருந்தது, பொங்கல் கட்டியாக இறுகிக் கரண்டி நுழையவில்லை, பொங்கலின் ஆவியில் சட்னி சூடேறிக் கொஞ்சம் புளித்த வாடை அடித்தது. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, சட்னியை மட்டும் ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னார். அது இன்னும் மனதில் இருக்கிறது.

அன்றைக்குச் செய்தது மூடியைத் திறந்த தவறு மட்டுமில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி கொண்டுபோக நினைத்ததுதான் அதைவிடப் பெரிய தவறு. மொறுமொறுப்பாக இருக்க வேண்டியதைச் சூடாக அடைத்து வைக்க முடியாது. வடையோ அப்பளமோ, அதன் ஈரமே அதை நமத்துப் போகச் செய்யும். வடை மாவைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்து, உப்பு போடாமல் எடுத்துப்போய் அங்கேயே சுடுவதுதான் சரி. சுட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் மூங்கில் கூடையில், காற்றுப் போகிற மாதிரி. பொங்கல், கிச்சடி, கூட்டு எல்லாம் போகிற வழியில் இறுகும், அதனால் இங்கே இறக்கும்போது இலையில் ஓடுகிற பதத்தில் இருந்தால்தான் அங்கே சரியான பதத்தில் இருக்கும். பிரியாணி கொண்டு போகிறவர்கள் ஒரு பதம் முன்னாலேயே இறக்க வேண்டும், அண்டாவுக்குள் தம் தொடர்ந்துகொண்டே இருக்கும், முழுக்க வெந்த அரிசி ஒரு மணி நேரத்தில் குழைந்துவிடும்.

புளியோதரை, எலுமிச்சம் சாதம், தயிர்சாதம் இவற்றைச் சூடாக வைக்க முயற்சி செய்யவே வேண்டாம். புளியோதரை ஆறித்தான் ருசிக்கும், புளியும் நல்லெண்ணெயும் அதைக் கெடாமல் தாங்கும். தயிர்சாதத்துக்குச் சோற்றை நன்றாக ஆறவிட்டு, பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் ஊற்றிப் பிசைந்தால் போகும் வழியில் உறைந்து, போய்ச் சேரும்போது புளிக்காமல் இருக்கும் என்பது ஊருக்குக் கட்டுச்சோறு கட்டிய எல்லோருக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய்ச் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான், அது தனிப் பெட்டியில், முடிந்தால் ஐஸோடு.

நடுவாந்தரச் சூடுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும், சமைத்த உணவு சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. 60-க்குக் கீழே, 5-க்கு மேலே கிருமிகள் பெருகும். கை வைத்தால் இதமாக இருக்கிறது என்றால் அது 40 டிகிரி பக்கம், பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சோற்றை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் இருக்கும், கொதித்தாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சில் ஒரு வகை, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. குழம்பு ஊசிப்போனால் நூல் விடும், வாடை வரும், கண்டுபிடித்துவிடலாம். இதில் வாடையே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் "அங்கே போய்ச் சூடு பண்ணிக்கலாம்" என்ற நினைப்பில் காலை 4 மணிக்கே சோற்றை வடித்து வைப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. 12 மணிப் பந்திக்குச் சோறு கடைசியாக, வண்டி வாசலில் நிற்கும்போது வடிய வேண்டும், முடிந்தால் மண்டபத்திலேயே.

கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டு, கம்பி மாதிரி குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். ஓரத்தில் குத்தாமல் நடுவில் குத்த வேண்டும், குழம்பு என்றால் கிளறிவிட்டு. ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை நோட்டில் எழுதினால் உங்கள் சூடு எங்கே போகிறது என்று நாலே ஆர்டரில் தெரிந்துவிடும்.

சில பேர் சூடு குறையக்கூடாது என்று ஓடுகிற வண்டிக்குள்ளேயே சிலிண்டரைத் திறந்து அடுப்பைச் சிறுதீயில் வைக்கிறார்கள், இல்லையென்றால் கரி போட்ட சட்டியை அண்டாவுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு திடீர் பிரேக்குக்குக் குழாய் கழன்றாலே போதும். மூடிய வண்டியில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும். கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் பையன்களை உட்கார வைத்து "பிடிச்சுக்கோ" என்பதும் வேண்டாம், கயிறு கட்டுங்கள். சாம்பார் மேலே கொட்டினால் தோலே உரிந்து வந்துவிடும்.

பைக்கில் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவாளியில் கஞ்சியோ ரசமோ கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாளியை ஹாண்டில்பாரில் தொங்கவிட்டால் எதிர்க்காற்று முழுவதும் அதன்மேல்தான். துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்கூட்டர் என்றால் முன்னால் கால் வைக்கிற இடத்தில் வையுங்கள். ரசத்துக்கும் கஞ்சிக்கும் வெந்நீர் ஊற்றி எடுத்த ஃபிளாஸ்க்கைவிட நல்லது எதுவும் இல்லை. சூடான குழம்பை பிளாஸ்டிக் கவரில் கட்டவே வேண்டாம், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. புளி சேர்ந்தவற்றை அலுமினியப் பாத்திரத்தில் நேரம் கழிய வைத்திருப்பதும் கூடாது, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், எவர்சில்வரே நல்லது.

மண்டபத்துக்குப் போனதும் எல்லா மூடியையும் ஒரேயடியாகத் திறக்காதீர்கள். முதல் பந்திக்கு எது வேண்டுமோ அதை மட்டும் வாளியில் மொண்டு உடனே மூடுங்கள். 60-க்குக் கீழே இறங்கியிருந்தால், அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்க விட்டுத்தான் பரிமாற வேண்டும். கீழே சிறுதீ எரிகிற பரிமாறும் பாத்திரங்கள் இருக்கிற சூட்டைக் காப்பதற்குத்தான், ஆறியதைச் சூடாக்க அவற்றுக்குச் சக்தி போதாது, வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்காக வைத்திருக்கும். கடைசிப் பந்தி முடிந்து மிஞ்சியதைத் திரும்ப அதே அண்டாவில் மூடி, அதே கம்பளியைச் சுற்றி ஊருக்குக் கொண்டுவராதீர்கள். அங்கேயே பசித்தவர்களுக்கு உடனே கொடுத்துவிடுங்கள், ஆள் இல்லையென்றால் கொட்டிவிட்டு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து ஏற்றுங்கள்.