சி.டி.எல். எந்த மாநிலத்தில் எடுப்பது? ட்ரக் ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கனரக ட்ரக் ஓட்ட சி.டி.எல். என்ற வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். அதைக் கொடுப்பது மாநிலம். எந்த மாநிலம் கொடுக்கலாம் என்பதைச் சொல்வதோ மத்திய அரசின் விதி. சாதாரண கார் உரிமத்தின் பழக்கத்தில் போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

விதி பார்ப்பது ‘டொமிசைல்’: உங்கள் நிரந்தர வீடு எங்கே, வெளியே போனால் திரும்பிவர நினைப்பது எங்கே என்பதை. கம்பெனியின் தலைமையகமோ வண்டியின் நம்பர் பிளேட்டோ கணக்கில் வராது. கம்பெனி இண்டியானாவில், குடும்பம் ஒஹாயோவில் என்றால் ஒஹாயோ உரிமம்தான்.

அதிகம் மாட்டிக்கொள்வது முகவரியில். மாதக்கணக்கில் ஸ்லீப்பர் கேபினிலேயே படுத்து எழுபவர் வாடகை வீட்டைக் காலி செய்துவிடுகிறார். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃப்ளோரிடா பக்கம் ஒரு தபால் பெட்டி எடுத்து, அந்த முகவரியில் சி.டி.எல். கேட்கிறார். தபால் பெட்டிக்குத் திரும்பிப் போய் யாரும் தூங்குவதில்லையே! உரிம அலுவலகக் கவுன்ட்டரில் கேட்பது உங்கள் பெயரும் குடியிருப்பு முகவரியும் உள்ள தாள். அரசு அனுப்பிய வரித் தாள் நல்ல சான்று. வீட்டு ஒப்பந்தம் மனைவி பெயரில், கரண்ட் பில் அண்ணன் பெயரில் என்றிருந்தால் அலைய வேண்டிவரும். போகும் முன் அந்த மாநிலம் எந்தத் தாள்களை ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொய் விவரம் கொடுத்தது தெரிந்தால் உரிமம் ரத்தாகலாம், அல்லது குறைந்தது 60 நாள் ஓட்ட முடியாது.

வீடு வேறு மாநிலத்துக்கு மாறினால் 30 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸில் புதிதாகக் குடியேறுபவருக்குக் கார் உரிமத்துக்கு 90 நாள் அவகாசம் உண்டு. அதை சி.டி.எல்.லுக்கும் போட்டுப் பார்த்தால் கெடு தாண்டிவிடும். பழையதை ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று பையில் வைத்துக்கொள்வதும் கூடாது. 1986 சட்டப்படி வணிக வாகனம் ஓட்டுபவருக்கு ஒரே உரிமம்தான். மாநிலங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. பழைய மாநிலத்தின் தண்டனைகளும் கூடவே வரும்.

மாற்றும்போது மறந்துபோவது ஆபத்தான சரக்குக்கான ஹஸ்மட் அனுமதி. அது தானாக ஒட்டிக்கொண்டு வராது. அதற்கான தேர்வையோ, மாநிலம் ஏற்கும் பயிற்சியையோ கடந்த இரண்டு ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் புது மாநிலத்தில் மறுபடி தேர்வு. நீங்கள் ஓட்டுவது எந்த வகை, அதற்கு மருத்துவச் சான்று வேண்டுமா என்ற உறுதிமொழியையும் அங்கே புதிதாகக் கொடுக்க வேண்டும்.

வெளிமாநிலப் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பள்ளி இருக்கும் மாநிலத்திலேயே வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வைக் கொடுக்கலாம். முடிவை உங்கள் மாநிலம் ஏற்றாக வேண்டும். ஆனால் கற்றுக்கொள்வோர் பெர்மிட்டைச் சொந்த மாநிலத்தில் எடுத்துக்கொண்டு கிளம்புவதே சிக்கலில்லாத வழி. பெர்மிட் கிடைத்து 14 நாள் ஆகாமல் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியாது. 2022 பிப்ரவரி 7 முதல், பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் படித்திருப்பதும் கட்டாயம். தேறிவிட்ட சந்தோஷத்தில் தனியாக வண்டியை எடுத்துவிடாதீர்கள். ஊருக்குப் போய் சி.டி.எல். அட்டையாக மாற்றும் வரை பக்கத்து சீட்டில் சி.டி.எல். உள்ளவர் இருக்க வேண்டும்.

கிரீன் கார்டு உள்ளவருக்குக் குடிமக்களுக்கு உள்ள அதே சி.டி.எல்.தான். தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர் கேட்பது வேறு வகை. 2025 செப்டம்பரில் ஒரு இடைக்கால விதி அதை இறுக்கியது, நவம்பரில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. அதன் பிறகு நிலவரம் மாறியிருக்கலாம். பயிற்சிக் கட்டணம் கட்டும் முன், அந்த வாரத்து நிலவரத்தை உரிம அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

டொராண்டோவில் குடியிருந்து எல்லை தாண்டி ஓட்டும் தமிழருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒன்டாரியோவின் ஏ-இசட் என்ற கனரக ட்ரக் உரிமத்தை அமெரிக்கா ஏற்கிறது. தனியாக சி.டி.எல். எடுக்க முயல்வதுதான் அங்கே தவறு. குடும்பத்தோடு மிச்சிகனுக்கே குடிபெயர்ந்துவிட்டால் மட்டும் மிச்சிகன் சி.டி.எல். எடுக்க வேண்டும்.