பூஜ்யத்திலிருந்து தாவுங்கள்: தரையில் கோடு போட்டுக் கணக்கு

மொரீசியஸின் ரோஸ்ஹில் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் என் பிள்ளைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வயது. வீட்டில் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழில் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பார்கள். மூன்றோடு நான்கைக் கூட்டச் சொன்னால் விழிப்பார்கள். தாவ விட்ட பிறகுதான் கணக்கு வந்தது.

தரையில் ஒரு நேர்கோடு. அதன் குறுக்கே 30 செ.மீ. இடைவெளியில் 11 கோடுகள், 0 முதல் 10 வரை. சாக்பீஸ் வேண்டாம், நாலு பேர் மிதித்தாலே அழிந்துவிடும். பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்தான் என் தேர்வு. நாள்கணக்கில் விடாமல் உரித்துவிட்டால் தரையில் பசை ஒட்டாது. எண்களைத் தமிழிலும் எழுதுங்கள். ௧, ௨ போன்ற தமிழ் எண்கள் நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டிலேயே இருப்பதால் பிள்ளைகள் ஆசையாகத் தேடிப் பார்ப்பார்கள். வெறுங்கால் அவசியம், சாக்ஸ் வழுக்கும்.

நான் தடுக்கி விழுந்த இடம் இனிமேல்தான். முதலில் பாண்டி ஆட்டம் போலக் கட்டங்கள் வரைந்திருந்தேன். "மூன்றில் நில், நான்கு தாவு" என்றால் எல்லாரும் ஆறில் போய் நின்றார்கள். மூன்று வாரம் புரியவில்லை. ஒருநாள் குனிந்து ஒரு சிறுமியின் காலையே பார்த்தேன். தாவுவதற்கு முன்பே, நின்ற கட்டத்தைப் பெருவிரலால் தட்டி "ஒன்று" என்றாள். நிற்கும் இடத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்! எண்ண வேண்டியது கட்டத்தை அல்ல, தாவலை. அன்றே கட்டங்களை அழித்துக் கோடுகளாக்கினேன். நிற்கும்போது வாய் மூடியிருக்க வேண்டும். கால் தரையைத் தொடும் கணத்தில் மட்டும் கைதட்டி எண்ண வேண்டும். இரண்டே வாரத்தில் ஏழில் வந்து நின்றார்கள்.

பிறகு சேர்த்தது: கழித்தலுக்குப் பின்னோக்கித் தாவியதில் தன் மகன் விழுந்துவிட்டான் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பூஜ்யத்தைப் பார்த்துத் திரும்பி நின்று முன்னோக்கியே தாவட்டும்.

எட்டு வயதுக்காரர்களுக்கு அதே கோடுகளைப் பத்து, இருபது என 100 வரை மாற்றுங்கள். கிரியோலில் எண்பது காத்ரோவேன், அதாவது நான்கு இருபது. ஒரு பிள்ளை இருபது இருபதாக நான்கு பெரிய தாவல் தாவட்டும். இன்னொரு பிள்ளை பத்துப் பத்தாக எட்டுச் சின்னத் தாவல். இருவரும் ஒரே கோட்டில் வந்து நின்றதும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். பெருக்கல் என்ற சொல்லை அதுவரை நான் வாயில் எடுப்பதே இல்லை.

தொண்ணூறில் மட்டும் கவனம். அந்தச் சொல்லில் 'நூறு' காதில் விழுவதால் நேரே 100க்கு ஓடுவார்கள். திருத்தாதீர்கள். "காத்ரோவேன்தீஸ் எங்கே?" என்று கிரியோலில் கேளுங்கள், அதாவது நான்கு இருபதும் ஒரு பத்தும். நான்கு பெரிய தாவல், ஒரு சின்னத் தாவல். நின்ற இடத்திலேயே தமிழ்ப் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்லட்டும்.