கலைந்துபோன இசைக்குழுவின் வரலாற்றைத் தொகுக்க

ஓரிரு வருடமே வாசித்துக் கலைந்த குழுவில், யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதுதான் குழம்பும். கோவில் திருவிழா நோட்டீஸில் திகதி இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். மேடைப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்யுங்கள், பின்பக்க எழுத்தையும் சேர்த்து. பிறகு படத்தைக் காட்டி ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் உரத்துப் பேசுபவரின் ஞாபகமே எல்லோருடையதும் ஆகிவிடும்.

குழுவின் வாசிப்பைப் பதிந்த கசெட்தான் அவசரம். திருகோணமலைக் கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே ஓடவிட்டால் அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். ஆகவே சுத்தமானவற்றை முதலில் கணினிக்கு மாற்றுங்கள். பிளேயரில் நாடாவை வாசிக்கும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்து, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகப் பதியுங்கள். ஒலி மங்கலாக இருந்தால் ஹெட்டின் சாய்வுத் திருகை மெல்லத் திருப்பி, ட்ரம்ஸ் சிம்பல் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.