கிறிஸ்துவில் நிலைத்திருக்க: வேத வாசிப்பும் ஜெபமும் அன்றாடம் தொடர

வருடத் தொடக்கத்தில் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிப்பதாகத் தீர்மானிக்கிறவர்களில் பலர் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். பக்தி குறைந்ததால் அல்ல, அளவு தாங்காததால். மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க தினமும் மூன்று, நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். நான்கு நாள் தவறினால் பதின்மூன்று அதிகாரம் பாக்கி. அந்தக் குற்றவுணர்விலேயே வேதத்தை மூடிவைத்துவிடுகிறோம்.

புதிய ஏற்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாள், விட்டதை வாசிக்க. முதலில் மாற்கு (16 அதிகாரம்), அடுத்து யோவான்.

ஒரு அதிகாரத்தை இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாம் முறை வாய்விட்டு, நிதானமாக. பிறகு நோட்டில் ஒரே ஒரு வரி: இன்று நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும்? பலர் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். சகோதரனோடு முதலில் ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24ஐ வாசித்துவிட்டு "எல்லோரையும் நேசிக்க வேண்டும்" என்று எழுதினால் எதுவும் மாறாது. "இன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்து, அன்று நான் பேசியது தவறு என்று சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். ஆள், வேலை, நேரம் மூன்றும் அந்த வரியில் இருக்கட்டும். இரவில் அதைச் செய்தீர்களா என்று பாருங்கள். தம்முடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்ளுகிறவர்களே தம் அன்பில் நிலைத்திருப்பார்கள் என்று இயேசு சொன்னார் (யோவான் 15:10). கீழ்ப்படியாமல் சேர்த்துவைக்கும் வேத அறிவு மனதைக் கடினப்படுத்தும். அதற்குப் பயப்பட வேண்டும்.

ஜெபத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம். இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). உங்களுக்கு இரவில்தான் தனிமை கிடைக்கும் என்றால் இரவே சரி. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். பிறருக்காக ஜெபிக்கும் பெயர்களை வாரத்தின் நாட்களுக்குப் பிரித்து, நாளுக்கு ஐந்துக்கு மேல் போகாமல் பாருங்கள். பட்டியல் நீண்டால் பெயரை ஒப்பிப்பதுதான் நடக்கும்.

வார்த்தையே வராத நாட்கள் எல்லோருக்கும் உண்டு. அன்று சங்கீதங்களை உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளுங்கள்: நன்றி சொல்ல 103, பாவத்தை அறிக்கையிட 51, தேவன் மறந்துவிட்டார் என்று தோன்றினால் 13. 88ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரை இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபமாகத்தான் வேதத்தில் இருக்கிறது. ஒன்றும் உணராமல் ஜெபித்த நாளை வீண் என்று எண்ணாதீர்கள்.

பாவத்தில் விழுந்தபின் "கொஞ்சம் சரியானதும் ஜெபிக்கலாம்" என்று தள்ளிப்போடுவது மிகவும் ஆபத்து. அன்றே, பொதுவாக "என் பாவங்களை மன்னியும்" என்று சொல்லாமல், செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 தரும் வாக்குத்தத்தம் அந்த நாளுக்கும் சேர்த்துத்தான்.

சபைக்குப் போக முடிந்தவர் வீட்டிலிருந்தே ஆராதனையைத் திரையில் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. எபிரெயர் 10:25 சபை கூடிவருவதையும் ஒருவருக்கொருவர் புத்திசொல்வதையும் சேர்த்தே பேசுகிறது. திரை உங்களுக்குப் புத்தி சொல்லும், உங்கள் முகவாட்டத்தைப் பார்க்காது. சபையில் முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம், ஆண்கள் ஆணிடமும் பெண்கள் பெண்ணிடமும், வாரம் ஒருமுறை அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.

உபவாசம் புதிதென்றால் ஒரு வேளை உணவை மட்டும் விட்டு, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்க வேண்டாம்.