பசையும் தின்னரும்: வேலை மேசையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கடையில் பசை வாங்கும்போது எதை ஒட்டும் என்று மட்டும்தான் கேட்கிறோம். எப்படிக் காய்கிறது என்றும் கேட்டால் பாதி ஆபத்து அங்கேயே தெரிந்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையில் இருப்பது தண்ணீர். அது ஆவியாகி ஒட்டுகிறது, பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. மைக்காவும் செருப்பும் ஒட்டும் ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயின்ட், தின்னர் கலந்த வார்னிஷ் இவற்றில் ஆவியாவது கரைப்பான், அதாவது பசையையும் பெயின்ட்டையும் இளக்கி வைக்கும் தின்னர் மாதிரியான திரவம். அங்கே கவனிக்க வேண்டியவை மூச்சும் தீயும். எபாக்ஸி (ரெசின், ஹார்டனர் என்று இரண்டாக வந்து, கலந்தால் இறுகும் பசை), ஃபெவிக்விக் மாதிரியானவை வேதிவினையால் இறுகுபவை. அவற்றில் தோலையும் சூட்டையும் கவனிக்க வேண்டும்.

பலரும் மூக்கை நம்புகிறார்கள். நாற்றம் அடித்தால் ஜன்னலைத் திறக்கிறார்கள், இல்லையென்றால் விட்டுவிடுகிறார்கள். இதில் அதிகம் ஏமாற்றுவது எபாக்ஸி. ரெசின் கலையில் இறங்கும் பலர் வெறும் கையால் கலக்கக் காரணமே, அதில் பெரிதாக வாசனை இல்லாததுதான். ரெசினும் ஹார்டனரும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒவ்வாமை வந்துவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாதவருக்குத் திடீரென்று கையில் அரிப்பும் தடிப்பும் வரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது. அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் போதும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையில் பட்டுவிட்டால் தின்னராலோ அசிட்டோன் என்ற கரைப்பானாலோ துடைக்காதீர்கள். அவை தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு ரெசின் உள்ளே இறங்க வழிவிடும். டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். தொட்டால் கெட்டியாக இருக்கிறது என்று மறுநாளே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் தவறு. முழுக்க இறுகப் பல நாள் ஆகலாம், அதற்குள் பறக்கும் தூளும் அதே ஒவ்வாமையைத் தரும்.

எபாக்ஸியில் இன்னொரு விஷயம் சூடு. ஒரு கப் நிறையக் கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால், திரும்பி வரும்போது கப் உருகிப் புகைந்துகொண்டிருக்கலாம். இறுகும்போது வெப்பம் வருகிறது. அந்த வெப்பம் வினையை இன்னும் வேகப்படுத்துகிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தேவைக்கு மட்டும் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். புகைய ஆரம்பித்தால் மூடிவைக்காமல், வெளியே சிமென்ட் தரையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

அடுத்தது, "ஃபேன் ஓடுதே, போதாதா?" என்பது. சீலிங் ஃபேன் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது. ஜன்னலில் ஒரு மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தால் காற்று உங்களைத் தாண்டி வெளியே போகும். ஆனால் தின்னர், பெட்ரோல் அளவுக்கு எளிதில் பற்றுபவற்றை அந்த விசிறியின் மோட்டார் வழியாக இழுக்க வேண்டாம். அந்த வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலேயே பற்றும் அளவுக்கு ஆவியை விடுகிறது; தின்னரில் அதிகம் இருக்கும் டொலுயீன் 4 டிகிரியில். நம் வீட்டின் வெப்பநிலையில் இரண்டும் எப்போதும் தயார். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்துபோகும். மேசைக்கு அடியில் எரியும் கொசுவர்த்தியையும் அடுத்த அறையின் பூஜை விளக்கையும் முதலில் அணைத்துவிட்டு மூடியைத் திறங்கள்.

மாஸ்க் போட்டேன் என்பவர்களிடம் எந்த மாஸ்க் என்று கேட்க வேண்டும். என்95 தூளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவி அதன் வழியே அப்படியே போய்விடும். அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். அதையும் மேசையில் திறந்து வைத்தால் கார்பன் காற்றில் இருப்பதை உறிஞ்சித் தீர்ந்துவிடும். ஜிப் கவரில் போட்டு வையுங்கள். 1960களில் ஜப்பானில் வினைல் செருப்பு ஒட்டும் வேலையில் இருந்தவர்கள் பலருக்குக் கை கால் மரத்து, நடை தளர்ந்துபோனது. பசையில் இருந்த ஹெக்சேன் என்ற கரைப்பானின் ஆவி நரம்புகளைப் பாதித்திருந்தது. அவர்கள் நாள் முழுக்க, காற்றோட்டமில்லாத அறைகளில் வேலை செய்தவர்கள். வாரக் கடைசியில் ஒரு மாடல் ஒட்டுபவருக்கு அந்த அளவு வராது, சரி. ஆனால் ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறையை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டாமே.

அக்ரிலிக் ஷீட் ஒட்டச் சில இடங்களில் சர்வசாதாரணமாகக் குளோரோஃபாம் தருகிறார்கள். என்னைக் கேட்டால், வீட்டு மேசைக்கு இது வரவே கூடாது. கல்லீரலைப் பாதிக்கும், வெளிச்சத்திலும் காற்றிலும் நாள்பட இருந்தாலும், சூட்டில் பட்டாலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். இதே வேலைக்கு வரும் டைக்ளோரோமீத்தேனும் லேசுப்பட்டதல்ல. உடலுக்குள் போனதும் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். இது கலந்த பெயின்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது.

ஃபெவிக்விக்கில் எல்லோரும் விரல் ஒட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது சின்ன விஷயம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இழுக்காமல் மெதுவாக உருட்டிப் பிரித்தால் வந்துவிடும். பெரிய விஷயம் பருத்தித் துணி. இந்தப் பசை பஞ்சில் நிறையப் பட்டால் சட்டென்று இறுகி, தோலைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும், புகையும் வரும். தொடையில் ஜீன்ஸ் மேல் சிந்தினால் துணியைத் தோலிலிருந்து விலக்கிப் பிடித்துத் தண்ணீரை ஊற்றுங்கள். சிந்தியதைப் பனியன் துணியால் துடைப்பதும், பருத்திக் கையுறை போட்டு வேலை செய்வதும் ஆபத்து இதனால்தான். விரிசலில் சமையல் சோடா தூவி மேலே இந்தப் பசையை விடும் தந்திரத்திலும் அதே சூடும் புகையும் உண்டு. முகத்தை மேலே வைத்துப் பார்க்காதீர்கள். கண்ணில் தெறித்தால் இமையை வலுக்கட்டாயமாகப் பிரிக்கவோ அசிட்டோன் பக்கம் போகவோ கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மரத்துக்குப் பூசும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தடவிய துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிவதும் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும். சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள்.

தின்னரையும் டர்பன்டைனையும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் போகவே மாட்டேன் என்கிறது. குழந்தை எடுத்துக் குடிப்பது இப்படித்தான். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது திரவம் நுரையீரலுக்குள் போய் நிலைமையை மோசமாக்கும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள், கடையில் வாங்கிய லேபிள் ஒட்டிய டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.