வெஸ்நாத்தில் வீழ்ந்தவர்களுக்கு ஒரு பதிவேடு

‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற கணினிப் போர் விளையாட்டின் கேம்பெய்னில் (ஒரே கதையாகத் தொடரும் சண்டைகளின் வரிசை), பிழைத்த வீரர்கள்தான் அடுத்த சினாரியோவின் (அதாவது அடுத்த சண்டையின்) ரீகால் பட்டியலுக்கு, அதாவது பழைய வீரர்களை மீண்டும் அழைக்கும் பட்டியலுக்கு, வருவார்கள். வீழ்ந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. என் பழைய வில்லாளி எந்தச் சண்டையில் போனான் என்றே தெரியவில்லை.

விடை, ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் கோப்பில் இருந்தது. அது ஜிஜிப் (gzip) முறையில் சுருக்கிய வெறும் எழுத்துக் கோப்புதான். விரித்தால் எந்த எடிட்டரிலும் படிக்கலாம். ஒவ்வொரு சினாரியோவின் தொடக்கக் கோப்பிலிருந்தும் ஒவ்வொரு யூனிட்டின் (வீரரின்) பெயர், வகை, அனுபவப் புள்ளி மூன்றையும் எடுத்து எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு சினாரியோவின் பத்தியில் (column) இருந்துவிட்டு அடுத்ததில் காணாமல் போனவர் இடையில் செத்தவர். (நாமே பட்டியலிலிருந்து நீக்கியவர்களும் கலந்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.)

வகையைக் கட்டாயம் குறியுங்கள். ஆர்ச்சர் (வில்லாளி) அடுத்த நிலையான ரேஞ்சராக உயர்ந்ததும் புள்ளிக் கணக்கு மறுபடி கீழிருந்து தொடங்கும். புள்ளியை மட்டும் பார்த்தால் மூத்தவனும் புதியவன்போலத் தெரிவான். எப்படிச் செத்தான் என்பதற்கு ரீப்ளேதான் (நடந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பது) வழி.