காய்ந்த கடற்பாசித் தாள்களைப் படமாக்குவது எப்படி

வேலூர்க் கல்லூரி அலமாரியில், ராமேஸ்வரம் பக்கத்து ஊர்களான மண்டபம், பாம்பனில் எடுத்த கடற்பாசியை உலர்த்தி ஒட்டிய தாள்கள் இருந்தால் பதறாமல் எடுங்கள். பாசி பெரும்பாலும் தன் பசையாலேயே தாளில் பிடித்திருக்கும். காய்ந்தபின் தொட்டாலே உதிரும். அதனால் ஸ்கேனரில் கவிழ்க்கவே கூடாது. தாளை மேசையில் படுக்கவைத்து, மேலே ஸ்டாண்டில் கேமராவை நேர்கீழாகப் பார்க்கும்படி மாட்டுங்கள். இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஓரத்தில் அளவுகோலும் நிற அட்டையும் தெரியட்டும்.

உதிர்ந்த துணுக்கைத் தூக்கிப் போடாதீர்கள்! சிறு காகித உறையிலிட்டு அதே தாளோடு வையுங்கள். நைட்ரஜன் ஐசோடோப்பை (எடை மாறுபட்ட நைட்ரஜன் அணு வகைகளின் விகிதத்தை) அளந்து, அன்றைய கடலில் கழிவுநீர் கலந்த தடயத்தைத் தேட அந்தத் துணுக்கு உதவும்.

தாளுக்கு ஒரு பார்கோடு எண். கோப்புப் பெயரும் அதுவே. படத்தின் டிஃப் (TIFF) கோப்பு பாதுகாப்புக்கு, ஜேபெக் (JPEG) பகிர்வதற்கு.

லேபிளில்தான் அதிகம் சறுக்கும். எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் ஒரு கட்டத்திலும், இன்றைய அறிவியல் பெயரை வேறு கட்டத்திலும் தட்டச்சிடுங்கள். தலைப்பில் அச்சிட்ட 'வட ஆர்க்காடு' (வேலூர் இருந்த பழைய மாவட்டம்) என்பது கல்லூரி முகவரி, பாசி எடுத்த இடமல்ல. மென்பொருள் தானாக ஊரைப் பொருத்தினால், சர்காஸம் என்ற கடற்பாசி வேலூர்ப் பாலாற்று மணலில் கிடைத்ததாக வரைபடத்தில் புள்ளி விழும். வெறும் 'மண்டபம்' என்றிருந்தால், எத்தனை கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதையும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு சேர்த்துப் பதியுங்கள்.